மாட்டெரு ஏன் மறு வருடம்?

"ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறு வருடம்" என்று ஒரு சொலவடை உண்டு. தென்மாவட்டங்களில் நிலத்தோடு பழகிய எவரும் இதைக் கேட்காமல் வளர்ந்திருக்க மாட்டார்கள். ஆட்டெருவின் பலன் போட்ட வருடமே விளைச்சலில் தெரியும். மாட்டெருவின் பலனுக்கு அடுத்த வருடம்வரை பொறுத்திருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் இதற்குள் ஒரு புதிர் இருக்கிறது. ஆடும் மாடும் இலைதழை தின்பவை, இரண்டும் அசைபோடுபவை, இரண்டின் வயிற்றிலும் நான்கு அறைகள். எரு என்பது செடிக்குச் சாப்பாடு என்றால், ஒரு சாப்பாடு உடனே பசியாற்றுவதும் இன்னொன்று ஒரு வருடம் இலையிலேயே கிடப்பதும் எப்படி? தூத்துக்குடியில் வீட்டைச் சுற்றி நாலு கத்தரிச் செடியும் ஒரு சுரைக்கொடியும் வைத்திருப்பவருக்கு இது வேடிக்கைக் கேள்வி இல்லை. காலடியில் மணல். கிணற்றில் உப்புத் தண்ணீர். வருடத்துக்கு ஏறக்குறைய 650 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே இந்தச் சொலவடையைக் கேட்பவர், ஆட்டெரு மாட்டெருவைவிட மேல், யூரியா ஆட்டெருவையும்விட மேல் என்று முடிவுகட்டுவது இயல்பு. அந்த முடிவு இந்த மண்ணுக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். மணல் பூமியில் மாட்டெருவின் தாமதம்தான் அதன் பலம்.

முதலில் யூரியாவின் பக்க நியாயத்தை முழுதாகக் கேட்டுவிட வேண்டும். செடி சாணத்தைத் தின்பதில்லை. வேர் உறிஞ்சுவது தண்ணீரில் கரைந்த எளிய உப்புகளை மட்டும்தான்: நைட்ரேட், அம்மோனியம், பாஸ்பேட், பொட்டாசியம் போன்றவை. 1840இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் இதை உரக்கச் சொன்ன பிறகுதான் செயற்கை உரத் தொழிலே பிறந்தது. தூத்துக்குடியிலேயே ஸ்பிக் ஆலை 1970களிலிருந்து யூரியா தயாரிக்கிறது. அந்த மூட்டையிலிருந்து வந்த நைட்ரேட்டுக்கும் மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்த நைட்ரேட்டுக்கும் வேருக்கு வித்தியாசம் தெரியாது. உண்மையில் வித்தியாசமும் கிடையாது. அளவைப் பார்த்தால் எரு இன்னும் இளைத்துப்போகும். காய்கறிப் பயிருக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் தொழு உர அளவு ஹெக்டேருக்கு 25 டன். வீட்டுக் கணக்கில், பத்து சதுர மீட்டர் பாத்திக்கு 25 கிலோ. தொழு உரத்தில் நைட்ரஜன் நூற்றுக்கு அரைப் பங்குதான்; ஆக, 25 கிலோவிலும் சேர்த்து 125 கிராம். அதே 125 கிராம் நைட்ரஜன் கால் கிலோவுக்குச் சற்றே கூடுதலான யூரியாவில் அடங்கிவிடும். அந்த 125 கிராமிலும் முதல் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு அளவே என்பது வேளாண் பாடநூல்களின் கணக்கு. ஒரு சாக்கு எருவைச் சுமந்து வந்து கொட்டியவருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். மீதி மூன்றில் இரண்டு பங்கு எங்கே போகிறது என்று கேட்டால்தான் கதை தொடங்குகிறது.

பழைய தூத்துக்குடித் துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கெல்லாம் தோணிகளில்தான் கரையேறும். எருவும் அப்படி நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்தான். அதன் நைட்ரஜன் புரதமாகவும் நாராகவும் பெரிய மூலக்கூறுகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அந்த மூலக்கூறு அப்படியே வேருக்குள் நுழைய வழியில்லை. பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும்தான் தோணிகள். அவை தம் நொதிகளால் மூலக்கூறுகளை உடைத்து, அம்மோனியமாக்கி, நைட்ரேட்டாக்கி, நடைநடையாகக் கொண்டுவந்து சேர்க்கின்றன. உயிர்ப்பொருளுக்குள் கட்டுண்ட சத்து இப்படி எளிய உப்பாக மாறுவதைக் கனிமமாதல் என்கிறார்கள். யூரியா நேரே கரைக்கு வந்துவிடும் சின்னக் கப்பல். எருவுக்குத் தோணி வேண்டும், தோணிக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சோறும் தண்ணீரும் வேண்டும்.

இந்தத் தோணிக்காரர்கள் இருப்பது எப்படித் தெரியவந்தது? வெகுகாலம்வரை, சாணமும் சாக்கடை நீரும் மண்ணில் நைட்ரேட்டாக மாறுவது வெறும் வேதிவினை என்றே பலர் நம்பினார்கள். காற்று பட்டால் இரும்பு துருப்பிடிக்கிறதே, அதுபோல. 1877இல் பிரான்சில் ஷ்லேசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் நிரப்பி, சாக்கடை நீரை மெல்ல மெல்ல அதில் வடியவிட்டார்கள். சிப்பித்தூள் கலந்த நம் கடற்கரை மணலுக்குக் கிட்டத்தட்ட அதே கலவை. முதல் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. மேலே ஊற்றிய அம்மோனியா அப்படியே கீழே வந்தது. அதன்பின் நைட்ரேட் வரத் தொடங்கியது. வெறும் வேதிவினை என்றால் எதற்காக இருபது நாள் காத்திருக்க வேண்டும்? அடுத்து அவர்கள் செய்ததுதான் சோதனையின் உயிர். குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நைட்ரேட் நின்றுவிட்டது. ஆவியை நீக்கிய பிறகும் தானாகத் திரும்பவில்லை. தோட்டத்து மண்ணைக் கரைத்த நீரைக் கொஞ்சம் ஊற்றியதும் சில நாளில் மறுபடி நைட்ரேட் வந்தது. மயக்க மருந்தில் முடங்கி, புதிய விதை விழுந்ததும் தழைக்கும் ஒன்று உயிராகத்தான் இருக்க வேண்டும். ஓர் உயிரைக் கண்ணால் காணாமலே அது இருந்தாக வேண்டும் என்று நிறுவியதில் இதைவிட அழகான சோதனை அறிவியலில் அதிகம் இல்லை. பின்னர் 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி அந்த பாக்டீரியாக்களைத் தனியே பிரித்துக் காட்டினார்.

தோணிக்காரர்களின் கூலிக்கு வருவோம். நுண்ணுயிரின் உடலில் ஏறக்குறைய எட்டுப் பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன். ஆனால் தின்னும் கார்பனில் மூன்றில் இரண்டு பங்கை அது மூச்சாக வெளியே விட்டுவிடுகிறது. ஆக, எட்டுப் பங்கு உடலில் தங்க இருபத்து நான்கு பங்கு தின்றாக வேண்டும். கார்பனைச் சோறு என்றும் நைட்ரஜனை மீன் என்றும் வைத்துக்கொண்டால், இருபத்து நான்கு பிடிச் சோற்றுக்கு ஒரு துண்டு மீன் என்பது அவர்கள் சாப்பாட்டுக் கணக்கு. எருவில் மீன் இதைவிடக் கூடுதலாக இருந்தால் மிச்சம் செடிக்கு வரும். குறைவாக இருந்தால் அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரஜனை எடுத்துச் சாப்பிடுவார்கள், செடி மஞ்சளிக்கும். இதைத்தான் கார்பன்–நைட்ரஜன் விகிதம் என்கிறோம். கோழி எச்சத்தில் இது பத்தை ஒட்டியது, ஆட்டுப் புழுக்கையில் பதினைந்து இருபது, மாட்டுச் சாணத்தில் இருபதுக்கு மேல். வைக்கோலில் அறுபது எண்பது. மட்காத தென்னை நார்க்கழிவில் நூறையும் தாண்டும். மாடித் தோட்டப் பையில் மட்காத நார்க்கழிவை நிரப்பி நட்ட தக்காளி வெளிறி நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். நோய் என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் பலர்.

இப்போது சொலவடை தானாக அவிழ்கிறது. ஆடு மேய்வது கொழுந்தும் உடை நெற்றும். புரதம் மிகுந்த தீனி. நம் ஊர் மாட்டுக்குப் பெரும்பாலும் வைக்கோலும் சோளத்தட்டையும். உள்ளே போனதுதானே வெளியே வரும்? புதுச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். எஞ்சியதில் பெரும்பகுதி, மாட்டின் வயிற்றிலேயே செரிக்காமல் தப்பிய நாரும், லிக்னின் என்ற மரத்தன்மைப் பொருளும். நான்கு அறை வயிற்றில் செரிக்காத ஒன்றை மண்ணின் பூஞ்சைகள் செரிக்க நாளாகாதா? இன்னொரு காரணம் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. விலங்கு வெளியேற்றும் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி சிறுநீரில் போகிறது. பொட்டாசியத்தின் பெரும்பகுதியும் அதில்தான். மாட்டுத் தொழுவில் சிறுநீர் தரையோடு வழிந்துபோகிறது, அல்லது அம்மோனியாவாகப் பறந்துவிடுகிறது. குப்பைமேட்டுக்குப் போய்ச் சேருவது சாணம் மட்டுமே. ஆட்டெரு என்று சொலவடை சொல்வதோ பெரும்பாலும் கிடை எரு. அறுவடை முடிந்த நிலத்தில் மந்தையை இரவெல்லாம் அடைத்துவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடத்திலேயே மண்ணோடு சேர்கின்றன. வேம்பூர், விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் விவசாயி கிடைக்குப் பணம் கொடுத்ததில் அரைவாசி மூத்திரத்துக்குக் கொடுத்த பணம் என்று சொன்னால் மிகையாகாது. அந்தப் பூமியின் வாழ்க்கையில் கிடைக்கு இருந்த இடம் அப்படிப்பட்டது, இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் தம் குறுநாவல் ஒன்றுக்கு 'கிடை' என்றே பெயர் வைத்தார்.

ஆனால் கரிசலுக்குச் சரியானது கடற்கரைக்கும் சரியாகுமா? ஓர் ஆட்டுப் புழுக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். காய்ந்தது என்றால் எளிதில் நசுங்காது. மேலே வழவழப்பான கறுப்புத் தோல். உள்ளே தவிட்டு நிறத்தில் பொடிந்த நார். ஆட்டின் பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உருட்டிவிட்ட உருண்டை அது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் கரிசலில் மழை பட்டு ஊறி, வெடித்து, கரையும். மணலின் மேற்பரப்பில் போட்டாலோ ஊற்றிய தண்ணீர் நிமிடத்தில் கீழே இறங்கிவிடும்; வெயில் ஏறியதும் புழுக்கை மறுபடி கல்லாகிவிடும். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். தோணிக்காரர்களுக்குத் தண்ணீர் இல்லை, வேலை நடக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் ஊறவைத்து, உடைத்து, மண்ணுக்குள் நாலு விரல் ஆழத்தில் புதைத்தால்தான் இங்கே ஆட்டெருவுக்கு 'அவ்வருடம்' என்ற பெயர் பொருந்தும். அளவிலும் கவனம் வேண்டும். ஆட்டெருவில் நைட்ரஜன் நூற்றுக்கு மூன்று பங்குவரை இருப்பதால், 25 கிலோ தொழு உரத்தின் வேலைக்கு நாலைந்து கிலோவே போதும்.

மணலின் பெரிய குறை தண்ணீர் நில்லாமை மட்டும் இல்லை. 1840களின் நடுவில் இங்கிலாந்தின் யார்க்ஷயரைச் சேர்ந்த தாம்சன் என்ற விவசாயி, மண் நிரப்பிய குழாயின் மேலே அம்மோனியம் சல்பேட்டைப் போட்டுத் தண்ணீர் விட்டார். கீழே வடிந்ததில் அம்மோனியம் இல்லை; ஜிப்சம் இருந்தது. அம்மோனியத்தை மண் பிடித்துக்கொண்டு, அதற்கு மாற்றாகத் தன்னிடமிருந்த கால்சியத்தை வெளியே விட்டிருந்தது. ஜான் தாமஸ் வே என்ற வேதியியலாளர் இதை விரிவாக ஆராய்ந்து, இந்தப் பிடிக்கும் திறன் களிமண்ணுக்கு உண்டு, மணலுக்கு இல்லை என்று கண்டார். இன்றைய விளக்கம் எளிது. களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின் ஏற்றம் இருக்கிறது, அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம் போன்றவை நேர்மின் ஏற்றம் கொண்ட அயனிகள், ஒன்றையொன்று இழுக்கும். ஒன்று போய் இன்னொன்று அந்த இடத்தில் வந்து ஒட்டும். இதற்கு நேரயனிப் பரிமாற்றம் என்று பெயர். கப்பலைக் கட்டி நிறுத்தும் தளங்கள் வரிசையாக உள்ள துறைமுகம்போலக் களிமண். மணலுக்குத் தளமே கிடையாது, வந்த சரக்கு அலையோடு போகும். எரு மட்கி மட்கி கடைசியில் எஞ்சும் கறுப்பான பொருள் இருக்கிறதே, அதை மட்கு என்போம், அதற்கு எடைக்கு எடை களிமண்ணைவிடவும் பல மடங்கு பிடிக்கும் திறன் உண்டு. களிமண்ணே இல்லாத இடத்தில் சரக்கு இறக்க மட்கு ஒன்றே தளம்.

இதை அடுக்களைச் சாமான்களைக் கொண்டே ஓரளவு பார்க்கலாம். இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களின் அடிப்பாகத்தை வெட்டிவிட்டு, வாய்ப் பக்கம் துணி கட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். ஒன்றில் வெறும் கடற்கரை மணல். மற்றதில் மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு நன்றாக மட்கிய எரு. இரண்டிலும் ஒவ்வொரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே வடிவதை அளந்து பாருங்கள். மணலில் ஊற்றியதில் பெரும்பகுதி சற்று நேரத்தில் கீழே வந்துவிடும். மற்றது சொட்டுச் சொட்டாக இறங்கும், கணிசமான அளவு உள்ளேயே நிற்கும். மறுநாள் இரண்டிலும் விரலை விட்டுப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மட்கு நேர்மின் அயனிகளைத்தான் பிடிக்கும். நைட்ரேட் எதிர்மின் அயனி; அதைக் களிமண்ணும் பிடிக்காது, மட்கும் பிடிக்காது, மழை வந்தால் அது போய்விடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்படிப்பட்ட மழை விதிவிலக்கு. ஆனால் ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் கொட்டுவது இந்தக் கரைக்குப் புதிதில்லை. மணலுக்கு அதுவே போதும், வேர் எட்டும் ஆழத்தைத் தாண்டி நைட்ரேட்டை அடித்துச் செல்ல. புரட்டாசியில் போட்ட யூரியா சில நாளில் அம்மோனியமாகவும் சில வாரங்களில் நைட்ரேட்டாகவும் மாறி, சரியாக மழை தொடங்கும் நேரத்தில் கரைந்து காத்திருக்கும். எருவின் நைட்ரஜன் அந்த நேரத்திலும் பெரும்பகுதி கப்பலின் அடித்தளத்தில்தான் இருக்கும். கரையாததை மழை கரைத்துக்கொண்டு போக முடியாது. செடி கேட்கும் வேகத்துக்கு ஓரளவு ஒத்த வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, தோணி தோணியாக வந்துகொண்டிருக்கும். மூன்றில் இரண்டு பங்கு எங்கே போனது என்ற கேள்விக்கு இதுவே பதில்: அதில் பெரும்பகுதி எங்கும் போகவில்லை. 'மறு வருடம்' என்பதைக் குறையாகக் கேட்டுப் பழகிவிட்டோம். மணலில் அது சேமிப்பு.

இது ஊகமா, அளந்தறிந்ததா? நைட்ரஜன் அணுவில் சற்றே கனமான ஒரு வகை இயற்கையிலேயே உண்டு. அதைக் கலந்து உரம் தயாரித்துப் போட்டால், பயிருக்குள் போன நைட்ரஜனில் எது உரத்திலிருந்து வந்தது, எது மண்ணிலிருந்து வந்தது என்று பிரித்து எண்ணலாம். மை தடவிய நாணயத்தைச் சந்தையில் விட்டு யார் கைக்குப் போகிறது என்று பார்ப்பதுபோல. இப்படி எண்ணிய ஆய்வுகளில், போட்ட உர நைட்ரஜனில் பயிர் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் பாதியோ அதற்கும் குறைவோதான்; உரம் போட்ட வயலிலும் பயிரின் நைட்ரஜனில் பெரும்பங்கு, மண்ணின் மட்கிலிருந்து வந்திருந்தது. நீண்டகாலச் சோதனைகளும் இதையே வேறு வழியில் சொல்கின்றன. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் ஒரு பார்லி வயல் துண்டுக்கு 1852 முதல் 1871 வரை ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம் போட்டார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். நூறாண்டு கழித்தும், எருவே காணாத பக்கத்துத் துண்டைவிட அதில் மண்ணின் கார்பன் கூடுதலாக இருந்தது. நமக்கு நெருக்கமான சான்று கோயம்புத்தூரில் இருக்கிறது. அங்கே 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல்கள், நாட்டின் மிகப் பழையவற்றுள் சேர்ந்தவை. தொடர்ந்து மாட்டெரு பெற்ற துண்டுகள் ரசாயன உரம் மட்டுமே பெற்றவற்றைவிடக் கார்பன் மிகுந்தவையாக இருக்கின்றன.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ரோதம்ஸ்டெட் குளிர் பூமி. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டியது. தூத்துக்குடியில் 28 டிகிரிக்கு மேல். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் மட்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பதால், இங்கே எரு மூன்று நான்கு மடங்கு வேகமாகக் கரியமில வாயுவாகிப் பறந்துவிடும். அந்தப் பார்லி வயலின் நூறாண்டு நினைவாற்றல் நம் மணலுக்கு வராது. இதை மறுக்க வழியில்லை, மறுக்கவும் தேவையில்லை. இதிலிருந்து வருவது எரு வேண்டாம் என்ற முடிவு இல்லை. ஒரே தடவையில் லாரி லோடு அடித்துவிட்டு ஐந்து வருடம் மறந்துவிடக் கூடாது என்பதுதான். ஒவ்வொரு பட்டத்துக்கும் கொஞ்சம், அதன்மேல் சருகோ பனையோலைத் துண்டோ பரப்பி நிழல். வெயில் நேரே படும் வெற்று மணல் தொட முடியாத அளவு சுடும். மூடாக்கின் கீழே அந்தச் சூடும் குறையும், ஈரமும் நிற்கும், மட்கும் நீடிக்கும்.

உப்பைப் பற்றிய மறுப்பு இன்னும் கூர்மையானது. எருவிலும் உப்பு இருக்கிறது, கிணற்று நீரும் உப்பு, மேலும் மேலும் போட்டால் உப்பளம் ஆகிவிடாதா? கோழி எச்சத்தைப் பொறுத்தவரை அச்சம் நியாயமானது. அது சத்திலும் கூடுதல், கரையும் உப்பிலும் கூடுதல். நூற்றுக்கு மூன்று பங்கு நைட்ரஜன் என்று மகிழ்ந்து அள்ளிப் போட்டால் இலை நுனி கருகிவிடும். கருவாட்டுக் கழிவு சொல்லவே வேண்டாம், அதைத் தோட்டத்துப் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஆனால் உப்பிடாத பச்சை மீனின் தலையும் குடலும் அருமையான பொருள். அதில் கார்பனுக்கு ஒப்ப நைட்ரஜன் ஏராளம். தென்னை நார்க்கழிவிலும் சருகிலும் நைட்ரஜன் பஞ்சம். சோறு ஒரு வீட்டில், மீன் ஒரு வீட்டில் என்று இருப்பதை ஒரே குழியில் அடுக்கடுக்காகச் சேர்த்து மேலே மண்ணால் மூடினால் இரண்டும் சரியாகிவிடும். இந்தக் கரையில் இரண்டும் அடுத்தடுத்த தெருக்களிலேயே வீணாகின்றன என்பது எனக்குத் தாளாத வருத்தம். நன்றாக மட்கிய மாட்டெருவோ, மழையில் ஒரு முறை நனைந்து வடிந்திருந்தால், உப்பில் மிகக் குறைவு. சந்தேகம் இருந்தால் ஒரு கிண்ணத்தில் எருவை நிரப்பிப் பத்துப் பாசிப்பயறை ஊன்றுங்கள். இன்னொரு கிண்ணத்தில் ஆற்று மணலில் பத்து. எருவில் முளைத்தவை பாதிக்கும் குறைவு என்றால், ஒன்று அது இன்னும் மட்கவில்லை, அல்லது உப்பு. இரண்டில் எதுவானாலும் இப்போதைக்கு அது பாத்திக்கு ஆகாது.

கடற்கரை மணலில் சிப்பித்தூள் கலந்திருப்பதால் இன்னொரு சிக்கல். பிடி மணலில் கொஞ்சம் வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. முத்துச்சிப்பியும் மட்டியும் தலைமுறை தலைமுறையாக நொறுங்கிச் சேர்ந்த சுண்ணாம்பு அது. முத்துக்குளிப்பு இந்தக் கரையில் 1961க்குப் பிறகு நடக்கவில்லை, ஆனால் சிப்பி மணலில் இருக்கிறது. இப்படிப்பட்ட காரத்தன்மையுள்ள மண்ணின் மேலே புதுச் சாணத்தையோ யூரியாவையோ தூவினால் நைட்ரஜன் அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போகும். அந்த நெடியே நட்டத்தின் அறிகுறி. போட்ட உடனே மண்ணால் மூட வேண்டும். காரமண் இரும்பையும் கரையாமல் கட்டிப்போடுகிறது; இளங்கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். இங்கும் மட்கு உதவுகிறது. மட்கும்போது உருவாகும் கரிம அமிலங்கள் இரும்பு அயனியை இரு பக்கமும் பற்றிக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். வேதியியலார் 1920இல் இதற்குப் பெயர் வைத்தபோது, நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழில் கொடுக்கிணைப்பு என்றே சொல்லலாம். நண்டைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு விளக்கம் தேவைப்படாது. சாம்பலும் சிப்பிச் சுண்ணாம்பும் நல்ல உரம் என்று கேள்விப்பட்டு இந்த மணலில் கொட்டுபவர்கள், இருக்கிற காரத்தைக் கூட்டுகிறார்கள்.

கடைசியாக நோய். சாணத்தில் ஈ. கோலை, சால்மொனெல்லா போன்ற கிருமிகளும் புழு முட்டைகளும் இருக்கக்கூடும். பச்சையாகத் தின்னும் வெங்காயத்தாளுக்கும் தக்காளிக்கும் பச்சைச் சாணக் கரைசலைத் தெளிப்பது தவறு. இதில் எந்தப் பாரம்பரியத்தின் பெயராலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இயற்கை வேளாண்மைக்கான அமெரிக்க விதி, மட்காத எருவைப் போட்டால் மண்ணைத் தொட்டு விளையும் பயிரை 120 நாள் கழித்தே அறுக்க வேண்டும், மற்றவற்றை 90 நாள் கழித்து என்கிறது. மட்கவைத்துப் போடுபவருக்கு இந்தக் கவலை பெருமளவு குறையும். குவியல் சரியாக இருந்தால், நுண்ணுயிர்கள் விடும் மூச்சின் சூட்டிலேயே உள்வெப்பம் 55 டிகிரியைத் தாண்டும். கையை உள்ளே வைத்திருக்க முடியாத சூடு. திறந்த குவியலில் அந்தச் சூடு பதினைந்து நாள் நீடித்து, அதற்குள் ஐந்து முறை புரட்டிவிட்டால், எல்லாப் பகுதியும் நடுவுக்கு வந்து போகும், கிருமிகள் மடியும். டெட்டனஸ் கிருமியின் வித்துகளோ அந்தச் சூட்டுக்கும் அஞ்சாதவை. எரு அள்ளுபவர் செருப்போடு நிற்பதும், தடுப்பூசியை நாளாகவிடாமல் போட்டுக்கொள்வதும் கட்டாயம்.

அப்படியென்றால் ஆட்டெரு வேண்டாமா? வேண்டும். பாத்தியின் அடியில் மாட்டெருவும் மட்கிய குப்பையும். அது தளம் கட்டும் வேலை. செடி பூக்கத் தொடங்கும்போது, மழையின் வேகம் தணிந்த மார்கழியில், ஊறவைத்து உடைத்த ஆட்டெரு கைப்பிடி, அது சரக்கு. இலை வெளிறி அவசரம் என்றால் நடுவில் ஒரு சிட்டிகை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து விடுவதிலும் பாவமில்லை. தளம் இருக்கும் இடத்தில் அந்தச் சரக்கு ஓரளவாவது தங்கும். காலக்கணக்குத்தான் முக்கியம். நம் வெயிலில், ஈரம் காக்கப்பட்டு அவ்வப்போது புரட்டப்படும் சாணக் குவியல் நன்றாக மட்க மூன்று நான்கு மாதம் ஆகும். ஐப்பசி மழைக்கு முன்பு, புரட்டாசியில் அது பாத்திக்குள் இறங்க வேண்டுமென்றால், ஆனி பிறந்ததும் குவிக்கத் தொடங்கிவிடுங்கள்.